ரேடியேட்டரைப் பின்னால் கொண்டு போனவருக்கு

அன்பு மச்சான்,

உங்கள்மீது சலாம் உண்டாகட்டும். நீங்கள் போய் ஆறு மாதமாகிறது. இவ்வளவு நாளும் எழுதாமல் இருந்ததற்கு, எழுத வேண்டியதைச் சரியாகத் தெரிந்துகொண்டு எழுதலாம் என்று இருந்ததே காரணம்.

முதலில் ஒன்றைத் திருத்திவிட வேண்டும். கணவனை இழந்தவள் அந்நிய ஆண் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய இத்தா நாட்களில் நான் போர்ட்டிக்கோவில் இறங்கி நின்று, அந்நிய ஆணோடு கதைத்துக் கதைத்துக் கார் திருத்தினேன் என்று சாய்ந்தமருதில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். நான்கு மாதமும் பத்து நாளும் என் கால் வாசற்படியைத் தாண்டவில்லை. கார் திருத்தப்பட்டது உண்மை. திருத்தியவர் காரைதீவுச் சிவலிங்கம். நான் சொல்ல வேண்டியதை யன்னலுக்கு உள்ளே இருந்து தாள் துண்டுகளில் எழுதிக் கொடுத்தேன். அறுபத்திரண்டு துண்டுகள். ஒவ்வொன்றிலும் இலக்கம் போட்டு வைத்திருக்கிறேன். சந்தேகமுள்ளவர்கள் வந்து பார்க்கலாம்.

இன்னொரு பேச்சும் இருக்கிறது. அது நல்ல மனம் படைத்தவர்களுடையது. கணவர்மேல் உள்ள பாசத்தால், அவர் அரைகுறையில் விட்டுப்போன வேலையை டீச்சர் முடித்து வைத்தாவாம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் அதைச் செய்தது பிழை உங்களிலா என்னிலா என்று அறிவதற்காக. உங்களுக்கு இது விளங்கும். நாற்பத்தொரு வருடம் என்னோடு இருந்தவர் அல்லவா?

இந்தக் கடிதத்தை உங்களை அடக்கிய கபுறடியில் வாசிக்காமல் பத்திரிகைக்குக் கொடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. உங்களிடம் கேட்க வேண்டிய கேள்விக்கு இனி மற்றவர்கள்தான் பதில் சொல்ல முடியும். அவர்களும் இதைப் படிக்க வேண்டும். ஆகவே, உங்களுக்குத் தெரிந்ததையே சில இடங்களில் மறுபடி சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இறக்காமத்துப் பக்கம் வாய்க்காலும் மதகுமாக முப்பது வருடம் வேலை செய்தவர். நான் அதே காலத்தில் பெண்பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவள். ஓய்வு பெற்றதும் நீங்கள் அந்தப் பழைய இங்கிலீசுக் காரை வாங்கினீர்கள். அதன் சின்ன எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஒரு வேனின் பெரிய எஞ்சினை இறக்கி வைத்தீர்கள். எஞ்சின் நீளம். முன்னால் நான்கு விரல் இடம்தான் மிஞ்சியது. அதற்குள் திணித்த சின்ன ரேடியேட்டரால் அந்தச் சூட்டை ஆற்ற முடியவில்லை.

காரைதீவுச் சந்தியில், உச்சி வெயிலில், பொனட்டுக்குள் இருந்து ஆவி கிளம்பிய நாளை மறந்திருக்க மாட்டீர்கள். நடு ரோட்டில் நின்றோம். பின்னால் பஸ்காரர் ஹோர்ன் அடிக்கிறார். பக்கத்து வளவுகளில் இருந்து பெண்கள் வாளியில் தண்ணீர் கொண்டு ஓடி வந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டி, "இறங்குங்ககா, உள்ளுக்க இருந்து அவியப் போறீங்க!" என்றாள். நான் இறங்கவில்லை. நேரே பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தேன். அந்த வெட்கம் உங்களையும் சுட்டிருக்கும் என்று அன்று நினைக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் சொன்னீர்கள்: "ரேடியேட்டரப் பின்னால கொண்டு போகப் போறன் புள்ள. டிக்கிக்குள்ள."

"காத்து முன்னாலதானே வருது?" என்றேன்.

"காத்த நீங்க பாருங்க. தண்ணிய எனக்குத் தெரியும். வாய்க்கால் நீண்டாத் தண்ணி தானா ஆறும்."

எஞ்சினில் இருந்து டிக்கி வரைக்கும் போகும் குழாயில் தண்ணீர் எவ்வளவு ஆறும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். மிகச் சொற்பம். நீங்கள் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சிரித்தீர்கள். பெரிய அலுமினிய ரேடியேட்டர் ஒன்றும் இரண்டு மின்விசிறிகளும் போர்ட்டிக்கோவுக்கு வந்து சேர்ந்தன. பின்கண்ணாடிக்குப் பக்கத்தில் காற்று உள்ளே வருவதற்கு இரண்டு பக்கமும் வாய் வெட்டினீர்கள். எண்ணெய்க் கறையும் தகட்டுத் தூளும் என் முன்வாசல் முழுவதும்.

பிறகு ஒரு நாள் உங்கள் கூட்டாளிகள் நால்வர் வந்தார்கள். நீங்கள் உற்சாகமாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தீர்கள். தேத்தண்ணித் தட்டை வாசலில் வைத்துவிட்டு நான் சொன்னேன்: "முன்னால வாற காத்த உட்டுட்டு, பின்னால போய்க் காத்துத் தேடுறார் உங்கட கூட்டாளி."

எல்லாரும் சிரித்தார்கள். "டீச்சர் சொன்னா மறுபேச்சு இல்ல, பேசாம சைக்கிள் ஒண்ட வாங்குடாப்பா," என்றார் ஒருவர். நீங்களும் சிரித்தீர்கள். அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

"இது எங்கட உம்மா எனக்குத் தந்த ஊடு. கராஜ் இல்ல," என்றேன்.

நம் கரையில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண் கலியாணம் முடித்துப் பெண்ணின் வீட்டுக்கு வந்து, கிழவனாகி, அங்கிருந்தே ஜனாஸாவாகப் போகிறான். எல்லா ஆண்களுக்கும் அது தெரியும். தெரிந்த ஒன்றை எந்த மனைவியும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நான் சொன்னேன். நான்கு பேருக்கு முன்னால் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. நீங்கள் தேத்தண்ணியைக் குடித்து முடித்தீர்கள்.

அடுத்த நாள் ரேடியேட்டர் சாக்கால் மூடப்பட்டு மூலையில் கிடந்தது. மூன்று மாதம் அப்படியே கிடந்தது. நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மற்றதெல்லாம் வழமைபோல நடந்தது. மீன் வாங்கி வந்தீர்கள். என் மூக்குக் கண்ணாடிக்கு ஆணி மாற்றித் தந்தீர்கள். பிறகு ஒரு நாள் அசர்த் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்யப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் சரிந்தீர்கள்; எழும்பவில்லை.

வேலையை நிறுத்தியது நீங்களா, நானா? இதுதான் மச்சான் என் கேள்வி.

இத்தாவில் மூன்றாவது கிழமை, வாசல் படலையில் சிவலிங்கத்தின் குரல் கேட்டது. ஒலுவில் துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துபவர் என்பதால் அவருக்கு மெல்லக் கதைக்கத் தெரியாது. நீங்கள் வளைக்கச் சொல்லியிருந்த இரண்டு நீளக் குழாய்களைக் கொண்டு வந்திருந்தார். "இத என்ன செய்யிற எண்டு டீச்சரிட்டக் கேட்டுச் சொல்லுங்க," என்று என் தங்கச்சி ரஹீமாவிடம் கத்திச் சொன்னது எனக்கு அறைக்குள் கேட்டது.

முதலாவது துண்டு எழுதினேன்: "பொருத்தவும்."

பிறகு நடந்ததைப் பார்த்திருந்தால் நீங்கள் வயிறு நோகச் சிரித்திருப்பீர்கள். போர்ட்டிக்கோப் பக்கத்து யன்னலை ஒரு சாண் திறந்து, தடித்த சேலைத் துணியைத் திரையாகப் போட்டேன். சிவலிங்கம் பதிலை ஒலுவில் வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வார். நான் துண்டு எழுதி ரஹீமாவிடம் கொடுப்பேன். ஐந்தாம் நாள் அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ராத்தா, இது இத்தாவா, தபால் கந்தோரா?" என்றாள். வெளியே சிவலிங்கம் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார்.

குழாய் எந்த வழியால் போக வேண்டும் என்று தெரியாமல் உங்கள் வேலைப் பையைத் திறந்தேன். அதற்குள் கட்டத்தாளில் நீங்கள் வரைந்த படம் இருந்தது. வாய்க்கால் படம் வரைகிற அதே ஒழுங்கு. தண்ணீர் போகும் திசைக்கு நீலக் கோடு, காற்றுக்குச் சிவப்புக் கோடு. அதைப் பார்த்துத்தான் சிவலிங்கம் தரைக்கு அடியால் குழாய்களைக் கட்டினார். ரேடியேட்டரை டிக்கிக்குள் நிறுத்தினார். முன்னால் இருந்த சின்னதைக் கழற்றி எறிந்தார். தண்ணீர் ஊற்றி எஞ்சினைத் திருகினார்.

பத்து நிமிடத்தில் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. "நிப்பாட்டுறன் டீச்சர்!" என்று கத்தினார்.

நான் சந்தோஷப்பட்டேன். மறைக்கவில்லை. திரைக்குள் தனியே இருந்து, பார்த்தீர்களா, நான் சொன்னேன்தானே என்று உங்களோடு கதைத்தேன். அந்தச் சந்தோஷம் லுஹர் தொழுகிற வரைக்கும் இருந்தது. தொழுகையில் உங்களுக்காக துஆக் கேட்கக் கையை ஏந்தியபோதுதான், யாரை வென்றுவிட்டு யாருக்குக் கேட்கிறேன் என்று வெட்கமாகிவிட்டது.

அன்று பின்னேரம் சிவலிங்கம் சொன்னார்: "டீச்சர், இது இடத்துப் பிழையில்ல. குழாய்க்குள்ள காத்துப் புடிச்சிரிக்கு. படகிலயும் இப்பிடித்தான் நடக்கிற." எஞ்சின் உயரத்தில், ரேடியேட்டரின் மூடி அதற்குத் தாழ்வில் இருந்தது. ஊற்றிய தண்ணீர் காற்றைத் தள்ள முடியாமல் பாதி வழியில் நின்றிருக்கிறது. அவர் பின்சில்லுகள் இரண்டுக்கும் கீழே மரக்கட்டைகளை அடுக்கி, காரின் பின்பக்கத்தை மூடி எல்லாவற்றுக்கும் மேலே வரும்வரை தூக்கினார். மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓட விட்டார். குமிழி குமிழியாகக் காற்று வெளியேறிற்று. ரஹீமா ஓடிவந்து, "ராத்தா, கார் ஏப்பம் உடுது!" என்றாள்.

அதற்குப் பிறகு முள் ஏறுவது மெதுவாயிற்று. ஆனாலும் ஏறியது. அரை மணித்தியாலத்தில் மறுபடி சிவப்பை நெருங்கியது. சிவலிங்கம் தலையைச் சொறிந்தார். எனக்கும் விளங்கவில்லை. உங்கள் படத்தை எடுத்து மறுபடி பார்த்தேன்.

சிவப்புக் கோடு பக்கத்து வாய்களால் உள்ளே வந்து ரேடியேட்டரைக் கடக்கிறது. கடந்த பிறகு இல்லை. அந்த இடத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டிருந்தீர்கள். பல தடவை அழித்து அழித்துப் போட்ட அடையாளம் தாளில் தெரிந்தது.

சூடான காற்று எங்கே போகிறது? அதைத்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். காற்று கண்ணுக்குத் தெரியாது. புகை தெரியும். முதலாம் தவணையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் செய்து காட்டுகிற பாடம் அது.

துண்டு முப்பத்தெட்டு: "சிவலிங்கம் ரோட்டுக்குப் போய் நிற்கவும்." அவர் போன பிறகு திரையை விலக்கினேன். விசிறிகளைச் சுழல விட்டு, சாம்பிராணிச் சட்டியைப் பக்கத்து வாயடியில் பிடிக்க ரஹீமாவிடம் சொன்னேன். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு பிடித்தாள். புகை உள்ளே போயிற்று. ரேடியேட்டரைக் கடந்தது. டிக்கிச் சுவரில் முட்டியது, சுருண்டது, ரேடியேட்டரின் ஓரத்தால் திரும்பி வந்து அதே விசிறிக்குள் மறுபடி புகுந்தது. சூடான காற்றையே திரும்பத் திரும்பக் குடித்துக்கொண்டிருக்கிறது. எப்படி ஆறும்?

ரேடியேட்டரைச் சுற்றி இடைவெளி இல்லாமல் தகடு அடிக்க வேண்டும். அதற்குப் பின்னால், இலக்கத் தகட்டுக்குக் கீழே, சூடு வெளியேற அகலமான வழி வெட்ட வேண்டும். இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். சிவலிங்கம் மூன்று நாளில் செய்தார். மறுபடி சாம்பிராணி. புகை ஒரு பக்கத்தால் புகுந்து மறுபக்கத்தால் நேரே வெளியே வந்தது. ஒரு மணித்தியாலம் எஞ்சின் நின்ற இடத்திலேயே ஓடியது. முள் நடுவில் போய் நின்றது. அதற்கு மேல் அசையவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. ரேடியேட்டரைப் பின்னால் கொண்டு போனது சரி. பெரிய ரேடியேட்டர் வைக்க இடமும், அதற்கென்று தனிக் காற்று வழியும் அங்கேதான் கிடைத்தன. "பின்னால் காற்று இல்லை" என்று நான் பழித்தது பிழை. வாய்க்கால் நீண்டால் தண்ணீர் ஆறும் என்று நீங்கள் சொன்ன காரணமும் பிழை. முடிவு சரி, காரணம் பிழை என்றால் நான் பத்துக்கு ஏழு கொடுப்பேன். எனக்கு எவ்வளவு கொடுப்பது என்று தெரியவில்லை.

ஏனென்றால், நீங்கள் கேள்விக்குறி போட்ட இடத்துக்குப் பதில் பக்கத்து அறையில் இருந்தது. ஒரு சாம்பிராணிச் சட்டியும் பத்து நிமிடமும் போதும். "புள்ள, இத ஒருக்காப் பாருங்க," என்று நீங்கள் வந்திருந்தால் நான் பார்த்திருப்பேன். முறைத்துக்கொண்டுதான் பார்த்திருப்பேன், ஆனாலும் பார்த்திருப்பேன். நீங்கள் ஏன் வரவில்லை? வரவிடாமல் செய்தது நான் சொன்ன அந்த வசனமா? அல்லது, தானே கண்டுபிடிக்கலாம் என்று நாளைக் கடத்தினீர்களா? நெஞ்சு நோ அப்போதே தொடங்கி, அதைச் சொல்லாமல் மறைத்தீர்களா?

இத்தா முடிந்த கிழமை காரை நானே எடுத்தேன். எனக்கு ஓட்டப் பழக்கியவர் நீங்கள். எழுபத்திரண்டு வயதாகியும் பழகியதை மறக்கவில்லை. வேண்டுமென்றே வெயில் உச்சிக்கு வரும்வரைக்கும் காத்திருந்தேன். ரஹீமா பக்கத்தில் இருந்து ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டு வந்தாள். சிவலிங்கம் மோட்டார் சைக்கிளில், தண்ணீர்க் கேனைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

காரைதீவுச் சந்தியில் அதே பெண் கடை வாசலில் நின்றாள். காரைக் கண்டதும், "என்னகா, இண்டைக்குத் தண்ணி வேணாமா?" என்றாள்.

இந்தத் தடவை காரை நிறுத்தி இறங்கினேன். "வேணாம். ஆனா அண்டைக்குத் தந்ததுக்கு நன்றி சொல்லல்ல," என்றேன்.

"அது எந்தக் காலம்! பெரியவர் எங்க?"

சொன்னேன். அவள் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாளியத் திருப்பித் தரக்குள்ள கழுவித் தந்த மனிசன்," என்றாள். அதை நான் அன்று காருக்குள் இருந்து பார்க்கவில்லை.

சம்மாந்துறை தாண்டியதும் ரோட்டின் பாதியில் நெல் காயப் போட்டிருந்தார்கள். அறுவடை மெஷின் ஒன்று முன்னால் ஊர்ந்தது. முக்கால் மணித்தியாலம் நடை வேகத்தில் போனோம். முன்னால் ரேடியேட்டர் இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கொதித்திருக்கும். முள் நடுவில் நின்றது. பின்னால் வந்த சிவலிங்கத்துக்குத்தான் கஷ்டம். "டீச்சர், உங்கட காரு என்ன அவிக்குது!" என்று கத்தினார். சூடு முழுவதும் அவர் முகத்தில்.

இறக்காமக் குளக்கட்டில் நிறுத்தினோம். இந்தப் போகம் தண்ணீர் நல்லாக நிற்கிறது மச்சான். யானை போன கிழமையும் வந்து இரண்டு வயலை மிதித்துவிட்டுப் போயிருக்கிறது. உங்களைத் தெரிந்த விவசாயி ஒருவர் காரைச் சுற்றி வந்து பின்னால் கையை நீட்டிப் பார்த்தார். "இதுல தேத்தண்ணி வைக்கலாம் போல," என்றார்.

ரஹீமா அவரோடு கதைத்துக்கொண்டிருக்கும்போது சிவலிங்கத்திடம் நேரே கேட்டேன்.

"இவர் ஏன் வேலய நிப்பாட்டினவர்?"

அவர் குளத்தைப் பார்த்தார். "நெஞ்சு நோ இருந்துதுதானே டீச்சர்."

"அத அவர் சொன்னவரா?"

"சொல்லல்ல. அவசரமில்ல, ஆறுதலாச் செய்யுங்க எண்டவர்."

"எப்ப சொன்னவர்? குழாய் வளைக்கச் சொன்னது எப்ப? கூட்டாளிமார் வந்ததுக்கு முன்னமா, பிறகா?"

"அது ஞாபகமில்ல டீச்சர். இப்ப எல்லாம் நல்லா முடிஞ்சிதுதானே. மறுகா ஏன் அத?"

முப்பது வருடம் வகுப்பில் நின்றவளுக்கு, அன்புக்காகச் சொல்கிற பொய்யின் முகம் தெரியும். அது பொய்யா, உண்மையிலே மறதியா என்று மட்டும் பிரிக்க முடியவில்லை. குழாய்க்கு நீங்கள் சொன்னது அந்த நாளுக்குப் பிறகு என்றால், நீங்கள் நிறுத்தவில்லை. முன்னம் என்றால், அந்தச் சாக்கைப் போட்டு மூடியது என் கைதான்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். "எங்கட உம்மா தந்த ஊடு" என்ற பேச்சு இனி என் வாயால் வராது. போன மாதம் ரஹீமா தன் புருஷனிடம் கோழிக்கூடு விஷயமாக அதைச் சொல்லத் தொடங்கினாள். அரைவாசியில் நிறுத்தி, அவளை அறைக்குள் கூட்டிப் போய், இந்தக் கடிதத்தில் எழுதியதையெல்லாம் சொன்னேன். எனக்குப் பிறகு இந்த வீடு நம் மகளுக்குப் போகும். சாவியைக் கொடுக்கும்போது அவளிடமும் சொல்வேன், இன்ஷா அல்லாஹ்.

இனி நான் கேட்பது, அன்று எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்த நால்வரிடம். அதற்குப் பிறகு வந்த மூன்று மாதத்தில் இவர் உங்களில் யாரிடமாவது அந்தக் காரைப் பற்றியோ நான் சொன்னதைப் பற்றியோ கதைத்திருந்தால், அவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே தாருங்கள். நேரில் வந்தால் என் முகத்தைப் பார்த்து மாற்றிச் சொல்வீர்கள். ஆகவே வர வேண்டாம். ஒன்றும் சொல்லவில்லை என்றால் அதையும் குறிப்பிட்டு, கையெழுத்து வைத்து, தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தாய்மாமன் மகளும் மனைவியும்